சேனைப்பூவும் ராகு காலமும்

ஏப்ரல் 21, திங்கள்

நேற்றைய கோடை மழைக்குப் பிறகு கொல்லையில் ஒன்று முளைத்திருக்கிறது. காலையில் துணி துவைக்கப் போன அம்மா, பாம்புக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாக வந்து, "ஏட்டி உலகு, துவைகல்லுக்குப் பக்கத்துல ஒண்ணு தலைய நீட்டிட்டு நிக்கிட்டி" என்றாள். அப்பா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். பாம்பு இல்லை. முருங்கை மரத்தடியில் ஊதா நிறத்தில், என் முழங்கை தடிமனில், சேனையின் மொட்டு.

அம்மா எப்போதோ மசியலுக்கு வாங்கி மிஞ்சியதைப் புதைத்த கிழங்கு அது. வருடா வருடம் குடை மாதிரி ஓர் இலை விடும், வாடும், மண்ணுக்குள் போய்விடும். பூத்ததே இல்லை.

ஒன்பது வருடங்களாகப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். கந்தம் என்பது தரைகீழ்த் தண்டு, எடுத்துக்காட்டு சேனை. மடல் கதிர் என்பது மஞ்சரியின் ஒரு வகை, எடுத்துக்காட்டு சேனை. படமும் வரைவேன். அந்தப் படம் ஐஸ்கிரீம் மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். தென்காசியிலேயே சேனைப்பூவைப் பற்றி அதிகம் பேசியவள் நானாகத்தான் இருப்பேன். கண்ணால் பார்த்தது இன்றுதான்.

விடைத்தாள் திருத்தி முடித்து விடுமுறையை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 24

மொட்டு ஒரு சாண். அம்மா கிழங்கைத் தோண்டிவிடலாம் என்கிறாள்.

"பூ விட்டா கெழங்கு நாக்க அரிக்கும்ட்டி. இப்பமே எடுத்தா ஒரு நேரம் கொழம்புக்கு ஆவும்."

"அம்மா, நீ கிழங்குல கை வச்ச, நான் சாப்பிடவே மாட்டேன்."

"சாப்பிடாட்டி போ. உடம்பு எளைச்சாத்தான் ஞாயித்துக்கெழமைக்கு நல்லாருக்கும்."

இப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மே 4 ஞாயிறு, அம்பாசமுத்திரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெயர் காசிநாதன். உயிர்வேதியியல் எம்.எஸ்ஸி. சொந்தமாக ரத்தப் பரிசோதனை நிலையம். முப்பத்தைந்து வயது. தரகர் போட்டோ அனுப்பியிருக்கிறார்.

முப்பத்திரண்டு வயதில் இது எத்தனையாவது முறை என்பதை அம்மா எண்ணிக்கொண்டிருக்கலாம், நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கேசரி கிண்டுவார்கள், நான் பட்டுச் சேலை கட்டுவேன், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். போட்டோவைப் பார்க்கவில்லை. பார்க்கும் ஆர்வமும் இல்லை. அகன்ற நெற்றி. இடது புருவத்தில் சிறிய தழும்பு. சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்றுக்கு மூடி இல்லை.

மே 1

மொட்டு முழங்கால் உயரம். தடவிப் பார்த்தால் ஈரத்தோல் மாதிரி வழுவழுவென்றிருக்கிறது. கூட வேலை பார்க்கும் வேதியியல் மகாலெட்சுமிக்குப் படம் அனுப்பினேன். "இது என்னது, அசிங்கமா இருக்கு" என்று பதில். வேதியியல்காரர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

எனக்கு வேண்டியது பூ மட்டும் இல்லை, விதை. சேனைக்கு யாரும் விதை போடுவதில்லை. கிழங்கை வெட்டி நடுவார்கள், முளைக்கும், மறுபடி வெட்டுவார்கள். உடல இனப்பெருக்கம். அப்படி முளைப்பதெல்லாம் அதே பழைய சேனைதான், அதே மரபணுக்கள், ஆளே மாறுவதில்லை. விதை என்றால்தான் இரண்டு பேர் சேர்ந்து, அவர்களைப் போலவும் இல்லாத, முற்றிலும் வேறாகவும் இல்லாத ஒருவர் வருவார். அப்படி ஒருவரை இந்த முருங்கை மரத்தடியில் வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு பூதான் இருக்கிறது. சேனை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பெண்பூக்கள் முதல் நாள் தயாராகும், ஆண்பூக்கள் மறுநாள்தான் விழித்துக்கொள்ளும். பெண் முன்முதிர்வு என்று புத்தகத்தில் பெயர். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.

மே 3, சனி

அம்மா முறுக்கு சுட்டாள். நான் ஒட்டடை அடித்தேன். அப்பா வாசல் கதவுக்கு எண்ணெய் விட்டார், அது இன்னும் அதிகமாகச் சத்தம் போடுகிறது.

சாயங்காலம் மொட்டின் மேல்பக்கம் லேசாக விரிந்திருக்கிறது. நாளை திறக்கும். முதல் நாள் சாயங்காலம் பூ சூடாகும். சூட்டில் வாசனை ஆவியாகும். செத்த எலியின் வாசனை. அதை நம்பி வண்டுகள் வரும்.

நல்லவேளையாக மாப்பிள்ளை வீட்டார் மூன்றரைக்கு வருகிறார்கள். ஞாயிறு ராகு காலம் நாலரைக்குத் தொடங்குவதால் அதற்குள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பூ மெதுவாக இருட்டும் நேரத்தில் நாறிக்கொள்ளலாம். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

மே 4, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. அம்மா உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள், அதனால் சத்தமில்லாமல் சிரிக்கிறேன்.

காலையில் பூ விரிந்திருந்தது. கருஞ்சிவப்பு மடல், கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்த மணி மாதிரி. நடுவில் மூளைபோல் மடிப்பு மடிப்பாகப் பெரிய கொண்டை. குனிந்து உள்ளே பார்த்தால் மேலே ஆண்பூக்களின் மஞ்சள் வளையம், அடியில் பெண்பூக்கள், ஒவ்வொன்றும் ஊதாக் காம்பில் ஒரு சூல்முடி. நான் வரைந்த படம் தவறு. ஒன்பது வருடப் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மூன்றரைக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. வழியில் கார் பஞ்சராம். வந்து இறங்கியபோது மணி நாலே முக்கால். மாப்பிள்ளை, அவர் அம்மா சொர்ணத்தம்மாள், மாப்பிள்ளையின் அத்தை கிருஷ்ணவேணி. அப்பா இல்லாத வீடு. எல்லா முடிவும் அத்தைதான் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார்.

அத்தை உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொன்னார். "ராகு காலம் பொறந்துட்டு. ஆறு மணிக்கு மேல பொண்ணக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் பேசிட்டிருப்போம்."

நான் அடுக்களையில் பட்டுச் சேலையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மணி என்றதும் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சூல்முடிகள் ராகு காலம் பார்ப்பதில்லை.

ஐந்து மணிக்கு முதல் அலை வந்தது. பேச்சு சற்று நின்றது. அம்மா ஊதுபத்தி ஏற்றினாள். ஐந்தே காலுக்கு இன்னொரு கொத்து ஏற்றினாள். மல்லிகை ஊதுபத்தியும் செத்த எலியும் கலந்தால் எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, இனி நான் எழுதலாம். அப்பா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பீரோவை நகர்த்தினார். அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "எலி கெடக்கும் போல" என்றார். "ஆமா மதினி, இப்பம்தான், காலைல இல்ல" என்று அம்மா உளறினாள். சொர்ணத்தம்மாள் முறுக்கை வாய்க்குக் கொண்டுபோய், யோசித்து, திரும்பத் தட்டில் வைத்தார்.

ஐந்தரைக்கு அப்பா மோப்பம் பிடித்துக் கொல்லைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து அடுக்களையில் அரிவாளைத் தேடினார்.

"என்னப்பா தேடுதீங்க?"

"உன் பூதாம்ட்டி. வெட்டித் தூரப் போட்டுட்டு வாரேன்."

பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காக நினைவில்லை. நான் அப்பாவுக்கு முன்னால் ஓடிப்போய் பூவுக்குக் குறுக்கே நின்றது நினைவிருக்கிறது. "வெட்டக் கூடாது. வேணும்னா என்னையப் பாக்காமப் போகட்டும்" என்று நான் சொன்னது கூடம் வரை கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் கொல்லை வாசலில் மூவரும், அம்மாவும் நிற்கிறார்கள். ராகு காலத்திலேயே பெண் பார்த்தாயிற்று.

இனி மறைத்து என்ன செய்ய. "எலி இல்லங்க. பூ" என்றேன்.

"பூவா?" என்றார் அத்தை.

"சேனைப்பூ. இன்னைக்கு ஒரு நாள்தான் வாசம் வரும்."

"பொண்ணு பாக்க வந்த வீட்டுல பொணவாடை அடிக்கி. அதப் பூங்கிறா, வாசங்கிறா."

காசிநாதன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து பூவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். மடலை எட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து என்னிடம் கேட்டார்.

"இதுதான் இந்த நாத்தமா?"

"ஆமா."

"நேத்து சாயங்காலம் எங்க லேப்ல இதே நாத்தம். ரத்த சாம்பிள் அழுகிப்போச்சுன்னு பக்கத்துக் கடைக்காரங்க எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க. மூணு தடவ லேப்பக் கழுவினேன். பின்பக்கத் தோட்டத்துல இதே மாதிரி ஒண்ணு விரிஞ்சு நிக்கி. நான் அதப் போயி சந்தேகப்படல பாத்துக்கோங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஜாமீனில் வந்தவரின் நிம்மதி.

"நேத்தா விரிஞ்சுது? நல்லாத் தெரியுமா?"

"நேத்துதான்."

"கொண்டையத் தொட்டுப் பாருங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

தொட்டார். கையை எடுக்கவில்லை. "சுடுது" என்றார்.

"கிழங்குல சேத்து வச்ச மாவுச்சத்த எரிக்குது. மைட்டோகாண்ட்ரியால சக்தியச் சேமிக்காம வெப்பமா வெளிய விட்டுருது. அதுக்குன்னு தனி நொதி இருக்கு."

"எங்களுக்கு நொதின்னா மஞ்சக்காமாலை டெஸ்ட்டோட சரி" என்றார். "இதுக்கு எத்தன குரோமோசோம்?"

"இருபத்தெட்டு."

"நம்மளவிட பதினெட்டு கம்மி. இருந்தும் நம்மளவிட சூடா இருக்கு."

அத்தை, "காசி, எந்திரி" என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. விதை வருமா என்று கேட்டார். வராது, இதற்கு இன்று மகரந்தம் வேண்டும், இதன் மகரந்தம் நாளைதான் உதிரும், நேற்று விரிந்த வேறொரு பூவில் இருந்தால்தான் உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்ப அங்க இன்னைக்கு உதிரும்" என்றார்.

"உதிரும்."

"இது எதுவரைக்கும் தாங்கும்?"

"நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்கலாம். தெரியல."

அத்தை அவர் கையைப் பிடித்து எழுப்பிக் காருக்குக் கூட்டிப் போய்விட்டார். கேசரி அப்படியே இருக்கிறது. ஏழரைக்குத் தரகர் போன் செய்தார். வேண்டாமாம். வீட்டில் ஏதோ சரியில்லையாம், பெண்ணுக்கும் வாய் நீளமாம்.

எனக்கு வருத்தம் இல்லை. சுடுகிறது என்று சொன்னபோது அவர் குரல் ரகசியம் சொல்வதுபோல் தணிந்திருந்தது. அதை இங்கே குறிப்பதற்குக் காரணம், வெப்ப உமிழ்வை ஒருவர் முதன்முறையாக உணர்ந்ததற்கான சாட்சியம் என்பதுதான்.

மே 5, திங்கள்

அப்பா பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். இன்று காலை ஷிப்ட். போன சூட்டோடு திரும்பி வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பக்கத்தில் காசிநாதன் நடந்து வந்தார்.

"அம்பாசமுத்திரம் முத வண்டில எறங்கினாவ" என்றார் அப்பா. "வீட்டுக்கு வழி கேட்டாவ. கூட்டிட்டு வந்தேன்." சைக்கிளில் ஏறித் திரும்பப் போய்விட்டார்.

காசிநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு சோதனைக் குழாயை எடுத்தார். ரத்தம் எடுக்கும் புதுக் குழாய், ஊதா மூடி. உள்ளே மஞ்சள் பொடி. குழாய் மேல் சீட்டு ஒட்டியிருந்தார். நோயாளி பெயர் என்ற இடத்தில் 'சேனை' என்று எழுதியிருந்தது. வயது என்ற இடத்தில் 'இரண்டு நாள்'.

வீட்டாரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, டார்ச்சோடு தோட்டத்துக்குப் போனாராம். மழை வந்துவிடுமோ என்று குடையையும் கட்டி வைத்தாராம், தனக்கு இல்லை, பூவுக்கு.

நான் என் கண் மை பிரஷைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தேன். அவர் டார்ச் பிடித்தார். மடலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தடவினேன். அடியில் சில வண்டுகள் மயங்கிக் கிடந்தன. வாடை நேற்றைப் போல் இல்லை. "அங்க விட்டுப் போச்சு, இடது பக்கம், கீழ" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் என் பின்னல் மடலுக்குள் விழுந்துவிட, அவர் அதை எடுத்து என் முதுகுப் பக்கம் போட்டார். பிறகு கையை என்ன செய்வதென்று தெரியாமல் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அயல் மகரந்தச் சேர்க்கை நல்லபடியாக நடந்தது. அம்மா வந்து பார்த்தாள், என்னை, அவரை, கண் மை பிரஷை. உள்ளே போய் நேற்றைய கேசரியைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"உங்க அத்தைக்குத் தெரியுமா தம்பி?" என்றாள் அம்மா.

"எங்கம்மாவுக்கே தெரியாதுங்க" என்றார்.

காய் பிடித்தால் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மகரந்தம் அவருடையது என்பதால் அது நியாயமான கோரிக்கை. எண்ணைக் கொடுத்தேன்.

மே 6

இரவு எட்டு மணிக்குக் காசிநாதன் போன் செய்து, காய் பிடித்ததா என்று கேட்டார். ஒரு நாளில் தெரியாது என்று சொன்னேன். மகரந்தக் குழாய் வளர்ந்து சூலைத் தொட வேண்டும் என்று விளக்கினேன். விளக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மே 7

இன்றும் அதே எட்டு மணிக்குக் கேட்டார்.

மே 13

கொண்டை அழுகி விழுந்தது. மடலும் போயிற்று. அடியில் சூற்பைகள் பச்சையாக, உருண்டையாக, முன்பைவிடத் தெளிவாகப் பெரிதாக.

காய் பிடித்துவிட்டது. கொல்லையில் நின்று கையைத் தட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எட்டு மணி வரை காத்திருக்காமல் நானே அழைத்தேன். அவர் யாருக்கோ ஊசி குத்திக்கொண்டிருந்தார். "ஒரு நிமிசம் இருங்க, ஐயாவுக்கு ரத்தம் எடுத்துட்டு வாரேன்" என்றார். பிறகு அந்த ஐயாவிடமும் சொல்லிவிட்டார் போல, பின்னணியில் ஒரு கிழவர் குரல், "சந்தோசம், சந்தோசம், ஆணா பொண்ணா" என்று கேட்டது.

மே 22

அம்மா சுரண்டையில் ஒரு வரன் சொன்னாள். கூட்டுறவு வங்கி. இப்போது தேதி எதுவும் வைக்க வேண்டாம், காய் நிலையில் செடியை அருகிலிருந்து கவனிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"செடியவா?" என்றாள்.

"செடியத்தான்."

"சரிட்டி" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே இல்லை.

ஜூன் 2

பள்ளி திறந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு முதல் பாடமே பூக்கும் தாவரங்களில் இனப்பெருக்கம். மகரந்தச் சேர்க்கையை நடத்தும்போது நான் கதவைப் பார்த்துச் சிரித்ததாக மகாலெட்சுமிக்குத் தகவல் போயிருக்கிறது. "பிள்ளைங்க கேக்குறாங்க, டீச்சருக்கு என்ன ஆச்சுன்னு" என்றாள். பாடம் எனக்குப் பிடித்த பாடம், அவ்வளவுதான்.

ஜூன் 9

காய்த் தண்டு நீண்டு என் இடுப்பளவு வந்துவிட்டது. காய்கள் சோளக்கதிர் மாதிரி நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. எட்டு மணி. காய் பற்றி மூன்று நிமிடம். பிறகு அவருடைய லேபில் வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணம், என் தலைமையாசிரியையின் குடை, மரபியலில் மற்றதை அடக்கி வெளிப்படும் ஓங்கு பண்பு எப்போதும் நல்ல பண்பாக இருக்க வேண்டுமா என்பது. இல்லை என்று இருவரும் முடிவு செய்தோம். உதாரணத்துக்கு அத்தை எடுத்துக்கொள்ளப்பட்டார்.

ஜூன் 14, சனி

சாரல் காற்று. பகலில் முருங்கைக் கிளை முறிந்து நேராகச் சேனை மேல் விழுந்தது. தண்டு அடியோடு முறிந்துவிட்டது. காய்களைக் கீறிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் பால் பருவம், முளைக்காது.

எட்டு மணிக்கு அவர் அழைத்தார். "காய் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

காற்றில் சிக்னல் சரியில்லை. விவரமாகச் சொல்லும்படியான சூழ்நிலை இல்லை.

ஜூன் 15

சிக்னல் நன்றாக இருந்தது. காய் சற்றுப் பருத்திருப்பதாகச் சொன்னேன்.

ஜூன் 18

அம்மா முறிந்த தண்டை எடுத்து உரக்குழியில் போட்டுவிட்டாள். "சொல்லிட்டியா அவுககிட்ட?" என்று கேட்டாள். எதை என்று கேட்டேன். அவள் பாத்திரம் விளக்கப் போனாள்.

எட்டு மணிக்கு நிறம் மாறத் தொடங்கியிருப்பதாகத் தெரிவித்தேன். பச்சையம் சிதைவதால் மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. இது பொதுவாக உண்மைதான்.

ஜூன் 23

நன்றாக மஞ்சள். பறவை கொத்தாமல் இருக்க வலை கட்டியிருப்பதாகவும் சொன்னேன். வலையின் நிறம் கேட்டார். நீலம் என்றேன்.

ஜூன் 26

இரண்டு காய் சிவந்துவிட்டது என்றேன். "அப்படியா, நல்லது" என்றார். பிறகு, "பாத்துக்கோங்க" என்றார்.

எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாம் பழுத்து முடிந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. விதையை முளைக்கப் போடலாம். முளைக்கச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை கவலை இல்லை.

ஜூன் 28, சனி

பிற்பகலில் வாசலில் ஆட்டோ சத்தம். சொர்ணத்தம்மாள் தனியாக இறங்கினார். கையில் ஒரு பை, அதில் சீப்பு வாழைப்பழம். அம்மா திகைத்துப்போய் "வாங்க மதினி" என்றாள். நான் பழைய நைட்டியோடு ஓடி ஒளிய வழியில்லாமல் கூடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அவர் உட்காரவில்லை. "சேனக்காயப் பாக்கலாம்னு வந்தேன்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அவுக அப்பா போனதுலருந்து என் மவன் வீட்டுல வாயத் தொறக்க மாட்டான்" என்றார் அவர், அம்மாவிடம். "சாப்பிட்டியான்னா ம், தூங்கினியான்னா ம். இப்ப ஒன்றர மாசமா எந்நேரமும் சேனதான். காய் பிடிச்சிட்டும்மா, தண்டு நீண்டுட்டும்மா, உள்ள இருக்கது ரெண்டு பேரோட மரபணும்மான்னு எங்கிட்ட வந்து வந்து சொல்லுதான். நானும் அவங்கூட உக்காந்து கேக்கேன். அப்படி என்னதான் காச்சுக் கெடக்குன்னு பாக்கணும்லா."

நேராகக் கொல்லைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். துவைகல், முருங்கை, ஈர மண். வேறெதுவும் இல்லை. நீல வலையும் இல்லை.

"எங்கட்டி?" என்றார்.

"கிளை விழுந்து முறிஞ்சிட்டு அத்தை" என்றேன். அத்தை என்று ஏன் வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது.

"எப்பம்?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"முந்தாநாள் செவந்துட்டுன்னு சொன்னான்."

"நான்தான் சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"காய் இல்லன்னு சொன்னா" என்று ஆரம்பித்தேன். துவைகல்லைப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "காய் இல்லன்னு சொன்னா அவுக எதுக்கு போன் பண்ணுவாக?"

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது. இத்தனை நாளும் இந்தப் பக்கங்களில் எழுதாமல் நான் எதைச் சுற்றி வந்தேனோ அதை, அவர் அம்மாவிடம், நைட்டியோடு நின்று சொல்லிவிட்டேன்.

சொர்ணத்தம்மாள் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம், "மதினி, பஸ் ஸ்டாண்டுல அண்ணன்கூட ஒருத்தன் காப்பி குடிச்சிட்டு இருப்பான். வரச் சொல்லுங்க" என்றார்.

அப்பாவோடு அவர் வந்தபோது நான் சேலை மாற்றியிருந்தேன். அதுவும் மறுபுறமாக, உள்பக்கம் வெளியே தெரியும்படி. யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் கூடத்தில் இருந்தார்கள், நாங்கள் கொல்லையில்.

"காய் விழுந்துட்டு" என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மறுநாளே உங்கப்பா போன்ல சொல்லிட்டாங்க. பிள்ள மனசு கஷ்டத்துல இருப்பா, காயப் பத்திக் கேக்காதீங்கன்னாங்க."

"பின்ன ஏன் தெனமும் கேட்டீங்க?"

"கேக்கக் கூடாதுன்னுதான் போன் எடுத்தேன். நீங்களே காய் பருத்திருக்குன்னீங்க. சரி, நாளைக்கு என்ன சொல்லுதாங்கன்னு பாப்போம்னு இருந்தேன்." அவர் புருவத் தழும்பைத் தேய்த்துக்கொண்டார். "மஞ்சளாச்சுன்னீங்க. செவந்துட்டுன்னீங்க. எனக்கு அதுக்கப்புறம் சாப்பாடே எறங்கல. புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். சேன பழுக்க மாசக்கணக்குல ஆகுமாம். நீங்க ஒன்றர மாசத்துல பழுக்க வச்சிட்டீங்க. சீக்கிரம் தீந்துருமேன்னு எனக்குப் பயம் வந்துட்டு. அதான் பாத்துக்கோங்கன்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாவரவியல் ஆசிரியையாக அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. இவ்வளவு சந்தோஷமான அவமானமும் நேர்ந்ததில்லை.

"கட்டிக்கிடுவீங்களா?" என்றார். குரல் தணிந்து, சரியாக அன்று கொண்டையைத் தொட்டபோது இருந்ததுபோல.

ம் என்றேன். அவர் வீட்டில் புழங்கும் சொல்தான், அவருக்குப் புரிந்தது.

உள்ளே சொர்ணத்தம்மாளின் குரல் கேட்டது. "கிருஷ்ணவேணிகிட்ட நான் பேசிக்கிடுதேன். இத்தன வருசம் அவுக பேசினாவ, இப்ப நான் கொஞ்சம் பேசுதேன். ஆவணில ஒரு நாள் பாருங்க அண்ணே."

ஜூன் 29, ஞாயிறு

எட்டு மணிக்கு அழைத்தார். "என்ன செய்தி?" என்றார்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

அந்த ஒன்றுமில்லாததைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.